15-உடன் 1 கூட்டினால் 14, 12, 8, 0, பிறகு 16

பைதானில் ஓர் அண்ட் கேட்டை (எல்லா இன்புட்டும் 1 ஆனால் மட்டும் 1 தரும் லாஜிக் உறுப்பை) எழுத ஒரு வரி போதும். ஆர், நாட், நேண்ட், எக்ஸார் எல்லாம் அப்படித்தான். அதனால் எங்கள் பேட்ச் மூன்று பேரும் டிஜிட்டல் லாஜிக் சிமுலேட்டரை மினி ப்ராஜெக்ட்டாக எடுத்தபோது, திரையில் கேட்டை நகர்த்துவதும் வயர் இழுப்பதும்தான் பெரிய வேலை, மற்றது தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். வயர் இழுப்பதும் லேசான வேலையில்லைதான். ஆனால் செமஸ்டரின் பெரும்பகுதியைத் தின்றது வேறொரு கேள்வி: எந்தக் கேட் எப்போது மாறுகிறது? பாடப் புத்தகத்தின் ட்ரூத் டேபிளில் (எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் என்ற அட்டவணையில்) ‘எப்போது’ என்பதற்கு இடமே கிடையாது. இதே மாதிரி ஒன்றைக் கட்டப்போகிற ஜூனியர்களுக்காக நாங்கள் போன வழியை எழுதிவைக்கிறேன்.

லாஜிசிம் என்ற சிமுலேட்டர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்வி முதல் ரிவ்யூவிலேயே வந்தது. நியாயமான கேள்வி. கார்ல் பர்ச் எழுதிய லாஜிசிம்மைப் பல நாட்டுக் கல்லூரிகள் பயன்படுத்தின. அவர் நிறுத்திய பிறகும் லாஜிசிம்-எவல்யூஷன் என்ற பெயரில் வேறு சிலர் அதை வளர்த்துவருகிறார்கள். பிரவுசரிலேயே ஓடும் சர்க்யூட்வெர்ஸும் இருக்கிறது. அவற்றோடு போட்டி போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்கள் வகுப்பில் சிமுலேட்டரை ஓட்டத் தெரியாதவர்கள் யாருமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் வாய் திறக்கவும் யாருமில்லை. கைடு மேடம் இதை ஏற்றுக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “சரி, ஆனா லாட்ச் ஓடணும். காம்பினேஷனல் மட்டும் காட்டினா பாதி மார்க்தான்.” லாட்ச் என்பது ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சர்க்யூட். காம்பினேஷனல் என்றால் நினைவே இல்லாமல் அப்போதைய இன்புட்டை மட்டும் வைத்து விடை தருவது. ப்ராஜெக்ட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த நிபந்தனைதான்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பைதான், அதோடு வரும் டிகிண்டர் என்ற ஜன்னல் நூலகம், படம் வரைய அதன் கேன்வாஸ். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், லேப் கணினியில் அப்படியே ஓடும் என்பது ஒன்றுதான் காரணம்.

கோடு வேறு, நெட் வேறு

திரையில் இழுக்கும் கோட்டையும் மின்சார ரீதியான இணைப்பையும் ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். ஒரு கேட்டின் அவுட்புட் மூன்று கேட்டுகளுக்குப் போனால் திரையில் ஐந்தாறு கோட்டுத் துண்டுகள் இருக்கும். ஆனால் அவை அத்தனைக்கும் மதிப்பு ஒன்றுதான். அந்த முழு இணைப்புக்கு நெட் என்று பெயர். 0, 1 என்ற மதிப்பு நெட்டில்தான் இருக்க வேண்டும். கோடு அதன் நிறத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இரண்டு நெட்டை ஒன்றாக்குவது சுலபம். வெட்டுவதுதான் தொல்லை. நடுவில் ஒரு துண்டை அழித்தால் நெட் இரண்டாகப் பிரியலாம். வேறு வழியாகச் சுற்றி இணைந்திருந்தால் பிரியாமலும் இருக்கலாம். இதைப் புத்திசாலித்தனமாகக் கையாள என்னென்னவோ யோசித்துவிட்டு, கடைசியில் மோட்டாவான வழிக்கே வந்தோம். பயனர் எதைத் தொட்டாலும் எல்லா நெட்டையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பின்னிலிருந்தும் (கேட்டின் இணைப்பு முனையிலிருந்தும்) கோடுகள் வழியே நடந்துபோய்ப் புதிதாகக் கட்டுவது. சில நூறு கேட் உள்ள சர்க்யூட்டில் அதற்கு ஆகும் நேரம் கண்ணுக்கே தெரியாது. குறுக்கே வெட்டும் கோடுகளுக்கு இணைப்பு இல்லை, கரும்புள்ளி இருந்தால்தான் இணைப்பு என்ற வழக்கத்தை லேப் ரெக்கார்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம்.

முதல் இன்ஜின்

முதல் பதிப்பு கேட்டுகளைப் படிவாரியாக அடுக்கியது. ஸ்விட்சுகள் 0-ஆம் படி. ஒரு கேட்டின் படி, அதன் இன்புட்டுகளில் உயர்ந்த படியைவிட ஒன்று கூட. படி வரிசையில் ஒவ்வொரு கேட்டையும் ஒரு தடவை கணக்கிட்டால் விடை வந்துவிடும். நான்கு பிட் கூட்டல் சர்க்யூட்டை இதில் ஓட்டினோம். கூட்டும் எண்களான ஏ-க்கு 16, பி-க்கு 16, உள்ளே வரும் கேரிக்கு (கீழ் இலக்கத்திலிருந்து மிஞ்சி வருவது) 2, ஆக 512 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஒரு லூப்பில் போட்டு, பைதானின் சாதாரணக் கூட்டலோடு ஒப்பிட்டோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்தச் சோதனையை முதல் நாளிலேயே எழுதிவைத்துவிடுங்கள். பின்னால் இன்ஜினைப் பிரித்துப் போடும்போதெல்லாம் இதுதான் கைகொடுக்கும்.

அடுத்து எஸ்ஆர் லாட்ச். இரண்டு நேண்ட் கேட் (அண்ட்டின் விடையைத் தலைகீழாக்கித் தருவது), ஒன்றின் அவுட்புட் மற்றதன் இன்புட். எது கீழ்ப்படி, எது மேல்படி? விடையே இல்லை. அடுக்கும் வேலை அந்த இரண்டு கேட்டை மட்டும் ஓரமாக விட்டுவிட்டு முடிந்துவிட்டது.

லாட்ச்சைத் தள்ளிவைத்துவிட்டு, டி ஃபிளிப்-ஃபிளாப்பை (க்ளாக் துடிப்பின் விளிம்பு வரும்போது டி என்ற இன்புட்டைப் பிடித்து க்யூ என்ற அவுட்புட்டில் வைப்பது) ஒரே பெட்டியாக எழுதி, நான்கைக் கோத்து ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (க்ளாக்குக்கு ஓர் இடமாகப் பிட்டுகளை நகர்த்துவது) செய்தோம். ஒரு முனையில் 1 கொடுத்து க்ளாக்கை ஒருமுறை தட்டினால் நான்கு எல்இடியும் ஒரேயடியாக எரிந்தன. காரணம் எளிது. முதல் ஃபிளிப்-ஃபிளாப் தன் அவுட்புட்டை உடனே மாற்றிவிடுகிறது. அதே க்ளாக் விளிம்பில் இரண்டாவது அந்தப் புதிய மதிப்பைப் படிக்கிறது, மூன்றாவது இரண்டாவதைப் படிக்கிறது. நிஜ ஐசியில் (சிப்பில்) க்ளாக் விளிம்பு வந்து சில நானோசெகண்ட் கழித்துத்தான் க்யூ மாறும். அதற்குள் அடுத்த ஃபிளிப்-ஃபிளாப் பழைய மதிப்பைப் பிடித்துவைத்திருக்கும். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வேலை செய்வதே அந்தத் தாமதத்தால்தான். தாமதம் இல்லாத சிமுலேட்டரில் அது வெறும் வயர்.

நிகழ்வு வரிசை

ஆக, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தாமதம் வேண்டும். கேட்டின் இன்புட் மாறினால் புதிய அவுட்புட்டைக் கணக்கிடு, ஆனால் உடனே போடாதே. ‘இத்தனையாவது நேரத்தில் இந்த நெட் இப்படி ஆகட்டும்’ என்று ஒரு சீட்டு எழுதி வரிசையில் வை. வரிசை நேரப்படி அடுக்கப்பட்டிருக்க வேண்டும். மிகச் சிறியதை எப்போதும் முதலில் தரும் பைதானின் ஹீப்க்யூ அதற்குப் போதும். இன்ஜினின் இதயம் இவ்வளவுதான்:

வரிசை காலியாகும்வரை:
— வரிசையின் தலையில் உள்ள நேரத்தை ‘இப்போது’ என்று வை
— அதே நேரத்துக்குரிய சீட்டுகள் எல்லாவற்றையும் எடு
— நெட்டின் மதிப்பு உண்மையிலேயே மாறினால், அந்த நெட்டைப் பார்க்கும் கேட்டுகளைக் குறித்துக்கொள்
— குறித்த ஒவ்வொரு கேட்டையும் ஒரே ஒரு முறை கணக்கிடு
— விடையை ‘இப்போது + தாமதம்’ என்ற நேரத்துக்குச் சீட்டாகப் போடு

இதில் ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் எக்ஸார் கேட்டின் (இன்புட்டுகள் வேறுபட்டால் மட்டும் 1 தருவது) இரண்டு இன்புட்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றன என்று வையுங்கள்: 1, 0 என்று இருந்தது 0, 1 ஆகிறது. அவுட்புட் முன்னும் 1, பின்னும் 1. சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து உடனுக்குடன் கணக்கிட்டால் நடுவில் 0, 0 என்று ஒரு நிலை வரும். கேட் ஒரு 0 சீட்டையும் அடுத்து ஒரு 1 சீட்டையும் ஒரே நேரத்துக்கு எழுதிவிடும். அகலமே இல்லாத ஒரு துடிப்பு. எல்இடியில் அது தெரியாது. ஆனால் அந்த நெட் ஒரு கவுண்டரின் க்ளாக்காக இருந்தால், கவுண்டர் ஓர் எண்ணைத் தாண்டிக் குதிக்கும். இந்த வகைப் பிழையைத் தேடி அலுத்துப்போனவர்களுக்குத்தான் அந்த ஒரு சொல்லின் அருமை தெரியும்.

ஹீப்க்யூவில் இன்னொரு சின்ன விஷயம். நேரம், நெட், மதிப்பு என்று மூன்றையும் ஒரு டியூப்பிளில் போட்டால், இரண்டு சீட்டுக்கு ஒரே நேரம் வந்ததும் பைதான் அடுத்ததாக நெட்டை நெட்டோடு ஒப்பிடப் பார்க்கும். எது சிறியது என்று அதற்குத் தெரியாது, எரர் வரும். நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை எண்ணைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. முதலில் போட்ட சீட்டு முதலில் வரும் என்பதும் அதனாலேயே உறுதியாகிறது. ஒரே சர்க்யூட் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே மாதிரி நடக்கும்.

14 எங்கிருந்து வந்தது

புதிய இன்ஜினில் எல்லாக் கேட்டுக்கும் தாமதம் 1 என்று வைத்து, பழைய நான்கு பிட் கூட்டல் சர்க்யூட்டை ஏற்றினோம். ஏ = 1111, பி = 0000. விடை 15. பி-யின் கடைசி பிட்டை 1 ஆக்கிவிட்டு, ஒரே ஓட்டமாக ஓட்டாமல் படிப்படியாக நகர்த்தினோம்.

“டேய், 15-ஐயும் 1-ஐயும் கூட்டினா 14 வருதுடா.”

வந்தது உண்மைதான். நேரம் 2-இல் கடைசிக் கூட்டுத்தொகை பிட் 0 ஆகிறது: 1110, அதாவது 14. அதே நேரத்தில் முதல் கேரி கிளம்புகிறது. நேரம் 3-இல் அது இரண்டாவது பிட்டைக் கவிழ்க்கிறது: 1100, அதாவது 12. கேரி ஒவ்வொரு நிலையையும் தாண்ட ஓர் அண்ட், ஓர் ஆர் என்று இரண்டு கேட் கடக்க வேண்டும். ஆகவே அடுத்த பிட் நேரம் 5-இல்: 1000, அதாவது 8. நேரம் 7-இல் 0000. அந்தக் கணத்தில் திரையைப் பார்த்தால் 15-உம் 1-உம் சேர்ந்து சுழியம். நேரம் 8-இல்தான் கடைசிக் கேரி வந்து எரிகிறது: 16.

மூன்று பேரும் வேறு வேறு எண்ணைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தோம். புத்தகத்தில் ‘ரிப்பிள் கேரி மெதுவானது’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். ரிப்பிள் என்பது இப்படிக் கண்முன் ஒவ்வொரு பிட்டாகத் தள்ளிக்கொண்டு போவது என்று அன்றுதான் பார்த்தோம். மோசமான சந்தர்ப்பத்தில், அதாவது எல்லா இன்புட்டும் ஒரே நேரத்தில் மாறி, உள்ளே வரும் கேரி கடைசிவரை ஓடும்போது, நான்கு பிட்டுக்கு 9 கேட் தாமதம். பிட் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண். 16 பிட்டுக்கு 33. 74எல்எஸ் என்ற ஐசி வரிசையில் ஒரு கேட்டுக்குச் சுமார் 10 நானோசெகண்ட் என்று வைத்தால் 330 நானோசெகண்ட். நான்கு பிட் கூட்டல் ஐசியான 7483ஏ-யின் உள்ளே கேரி லுக்-அஹெட் (கேரி ஓடி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கணக்கிடும் அமைப்பு) வைத்திருப்பது ஏன் என்று இனி மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இதே படிப்படி ஓட்டத்தில், லாஜிக்கைச் சுருக்கப் பயன்படும் கட்ட வரைபடமான கார்னா மேப்பும் ஒரு தடவை மாட்டியது. ஏ-யும் பி-யும் ஓர் அண்ட் கேட்டில், நாட் போட்ட ஏ-யும் சி-யும் இன்னோர் அண்ட் கேட்டில், இரண்டும் ஓர் ஆர் கேட்டில். பி = 1, சி = 1 என்று வைத்துவிட்டால் ஏ எதுவானாலும் விடை 1-தான். ஏ-யை 1-இலிருந்து 0 ஆக்கிப் பாருங்கள். முதல் அண்ட் நேரம் 1-இல் விழுந்துவிடுகிறது. இரண்டாவது அண்ட், நாட் கேட்டுக்காகக் காத்திருந்து நேரம் 2-இல்தான் எழுகிறது. இடையில் ஆர் கேட்டுக்கு இரண்டு பக்கமும் 0. அவுட்புட் நேரம் 2-இல் கீழே போய் 3-இல் மேலே வருகிறது. ஏ-யை 0-இலிருந்து 1 ஆக்கினால் இப்படி வருவதில்லை. ஏறுவது முதலில், இறங்குவது பிறகு என்பதால் ஆர் கேட்டுக்கு எப்போதும் ஒரு 1 கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

இதை நிறுத்த, பி-யும் சி-யும் சேர்ந்த மூன்றாவது அண்ட் கேட் ஒன்று வேண்டும். கார்னா மேப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வட்டங்களுக்கு நடுவே பாலம் போடும் வட்டம் அது. தேர்வில் அந்த வட்டத்தைப் போட்டால் ‘தேவையற்ற குழு’ என்று சிவப்பு மை விழும். மாரிஸ் கார்னா 1953-இல் இந்த மேப்பை வெளியிட்டது சர்க்யூட்டைச் சுருக்குவதற்காக. சுருக்குவது வேறு, துடிப்பில்லாமல் வைத்திருப்பது வேறு என்று சொல்லிக்கொடுக்க வகுப்பில் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

மேடம் இதைப் பார்த்துவிட்டு, “எல்லாத் துடிப்பும் நிஜத்துல அடுத்த கேட்டைத் தாண்டிப் போயிடுமா?” என்றார். போகாது. தன் தாமதத்தைவிடக் குறுகிய துடிப்பைக் கேட் விழுங்கிவிடும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சர்க்யூட்டை விவரிக்கும் மொழியான விஎச்டிஎல்லில் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் இந்த இனெர்ஷியல் தாமதம்தான். இதைச் சேர்க்க, நெட்டுக்குப் புதிய சீட்டு போடும்போது நிலுவையில் இருக்கும் பழைய சீட்டை ரத்து செய்ய வேண்டும். ஹீப்பின் நடுவிலிருந்து எதையும் உருவ முடியாது. அதனால் ஒவ்வொரு நெட்டுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்தோம். சீட்டு வெளியே வரும்போது அதிலுள்ள எண் பழையதாக இருந்தால் குப்பைக்கு.

தெரியாது என்பதும் ஒரு மதிப்பு

சர்க்யூட்டை இயக்கிய உடனே லாட்ச்சின் க்யூ என்ன? 0 என்று வைத்தால் வேலை சுலபம். ஆனால் அது பொய். ஆகவே எக்ஸ் என்று ஒரு மதிப்பு: இது 0-ஆ 1-ஆ என்று சிமுலேட்டருக்குத் தெரியாது. 0 அண்ட் எக்ஸ் என்றால் 0, மற்ற இன்புட் என்னவாக இருந்தாலும் கவலையில்லை. 1 ஆர் எக்ஸ் என்றால் 1. மற்றபடி பெரும்பாலும் எக்ஸ்தான். அதே போன்ற இன்னொரு மொழியான வெரிலாக்கில் இசட்டையும் (எதுவும் இயக்காத நெட்டின் நிலை) சேர்த்து நான்கு மதிப்புகள். விஎச்டிஎல் உலகின் ஐஈஈஈ 1164 தரத்தில் ஒன்பது. நாங்கள் நான்கோடு நின்றுவிட்டோம்.

எக்ஸ் வந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல சர்க்யூட்டுகள் படுத்துவிட்டன. க்யூ-வை நாட் போட்டு டி-க்கே திருப்பிக் கொடுத்தால் க்ளாக்குக்கு ஒருமுறை மாறும் டாகிள் கிடைக்கும். தொடக்கத்தில் க்யூ எக்ஸ், அதன் நாட்டும் எக்ஸ், அடுத்த க்ளாக்கிலும் எக்ஸ். விடிய விடியத் தட்டினாலும் எக்ஸ்தான். பிரெட்போர்டில் (ஐசிகளைச் செருகிச் சோதிக்கும் பலகையில்) இதே சர்க்யூட் ஓடும், ஏனென்றால் நிஜ ஃபிளிப்-ஃபிளாப் 0-விலோ 1-லோ ஏதோ ஒன்றில் கண் விழிக்கும். பிறகு மாறி மாறிப் போகும். எதில் விழிக்கும் என்பதை மட்டும் நம்ப முடியாது. இதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நண்பன் தொடக்க மதிப்பைக் குலுக்கிப் போட்டு எடுக்கலாம் என்றான். தோழியும் நானும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று ஓடி நாளை ஓடாத சர்க்யூட்டை ஒரு ஜூனியர் எப்படிப் பிழைதிருத்துவான்? எக்ஸ் அப்படியே இருக்கட்டும். ரீசெட் வயரை இணைக்கும்வரை எல்இடி சாம்பல் நிறத்தில் இருக்கட்டும் என்று முடிவானது.

எக்ஸ் சில சமயம் தேவைக்கு மேல் பயப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நெட்டை எக்ஸாரின் இரண்டு இன்புட்டிலும் கொடுத்தால் விடை எப்போதும் 0 என்று நமக்குத் தெரியும். சிமுலேட்டருக்கு அது எக்ஸும் எக்ஸும். எக்ஸ் என்றே சொல்லும். இதைத் திருத்தப் போனால் இன்ஜின் இயற்கணிதம் படிக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டோம்.

லாட்ச்சின் தடைசெய்யப்பட்ட நிலைதான் பார்க்க வேடிக்கையானது. நேண்ட் லாட்ச்சில் இரண்டு இன்புட்டையும் 0 ஆக்கினால் இரண்டு அவுட்புட்டும் 1. பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் 1 ஆக்கினால், அடுத்த கணம் இரண்டும் 0, அதற்கடுத்த கணம் இரண்டும் 1, மறுபடி 0. நிற்கவே இல்லை. புத்தகம் ‘வரையறுக்கப்படாதது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் இடம் இது. நிஜ 7400 நேண்ட் ஐசியில் எந்த இரண்டு கேட்டும் துல்லியமாக ஒரே வேகம் கிடையாது. ஏதோ ஒன்று முந்திக்கொண்டு ஆட்டம் அடங்கிவிடும். எங்கள் இன்ஜினிலும் இனெர்ஷியலைப் போட்டு, ஒரு கேட்டின் தாமதத்தை மட்டும் 2 ஆக்கியதும் அடங்கியது: வேகமான கேட் 0 ஆனது, மெதுவானது 1-லேயே நின்றது.

அதற்காக முடிவில்லாத ஆட்டத்தையெல்லாம் பிழை என்று நிறுத்திவிடவும் முடியாது. ஒரு நேண்ட், இரண்டு நாட் என்று மூன்றை வளையமாகக் கோத்தால் அதுவும் ஓயாமல் ஆடும், 6 அலகுக்கு ஒரு சுற்று. அது ரிங் ஆசிலேட்டர், வேண்டுமென்றே கட்டியது. நேண்ட்டின் இன்னோர் இன்புட்டை முதலில் 0 ஆக வைத்துப் பிறகு 1 ஆக்கினால்தான் அது கிளம்பும். வெறும் மூன்று நாட் கேட்டாக இருந்தால் எக்ஸிலேயே உறைந்துவிடும். வேண்டுமென்று ஆடுகிறதா, தெரியாமல் ஆடுகிறதா என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆகவே குறிப்பிட்ட அளவு சீட்டுகளுக்குப் பிறகும் அடங்காவிட்டால், ஆடும் நெட்டுகளை ஆரஞ்சு நிறமாக்கி ‘இன்னும் அடங்கவில்லை’ என்று மட்டும் காட்டுகிறோம். முடிவைப் பயனர் எடுக்கட்டும்.

சென்னை ரிச்சி தெருவில் கொஞ்சம் ஐசி வாங்கிவந்து பிரெட்போர்டிலும் சிலவற்றை ஒப்பிட்டோம். அதில் உருப்படியாகக் கிடைத்தது காலி இன்புட் பற்றிய பாடம். 74எல்எஸ் வகையில் எதையும் இணைக்காத இன்புட் 1 போலவே நடந்துகொள்ளும். லேப் ட்ரெய்னர் கிட்டில் ஃபிளிப்-ஃபிளாப்பின் பிரீசெட், கிளியர் பின்களை (க்யூ-வை நேரடியாக 1 அல்லது 0 ஆக்குபவை) யாரும் தொடாமலேயே சோதனை ஓடிவிடுவதற்குக் காரணம் இதுதான். அதே பழக்கத்தில் 74எச்சி வகையைப் போட்டால், காலி இன்புட் விரல் கிட்டே போனாலே மாறும். சிமுலேட்டரில் காலி இன்புட்டுக்கு 1 கொடுக்கலாமா, எக்ஸ் கொடுக்கலாமா? லேப்பில் வருவது போலவே வரட்டும் என்று சிலர் சொன்னார்கள். எக்ஸ் கொடுத்தோம். கெட்ட பழக்கத்துக்கு மென்பொருளும் துணைபோக வேண்டாமே.

திரைப் பக்கம்

இரண்டு மூன்று குறிப்புகள் மட்டும். ஓட்டு பட்டனுக்குள் ஒரு வைல் லூப் எழுதினால் ஜன்னல் உறைந்துவிடும். டிகிண்டரின் ஆஃப்டர் மூலம் கொஞ்சம் சீட்டுகளை ஓட்டு, திரையை வரை, மறுபடி வா என்று துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். சர்க்யூட் பெரிதானதும் எல்லாம் தவழ ஆரம்பித்தபோது நாங்கள் ஹீப்பைச் சந்தேகப்பட்டோம். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் சிபுரொஃபைல் போட்டுப் பார்த்தால் நேரம் முழுவதும் கோடுகளின் நிறத்தை மாற்றுவதில் போயிருந்தது. மாறிய நெட்டுகளை ஒரு செட்டில் சேர்த்துவைத்து, 40 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மொத்தமாக நிறம் மாற்றியதும் சரியாகிவிட்டது.

சர்க்யூட்டைக் கோப்பாகச் சேமிப்பதற்கு ஜேசன் என்ற எழுத்து வடிவம். நெட் எண்ணைச் சாவியாக வைத்த டிக்ஷனரியை ஜேசனில் எழுதித் திரும்பப் படித்தால் 7 என்ற எண் ‘7’ என்ற எழுத்தாகத் திரும்பி வரும். பைதானுக்கு இரண்டும் வேறு. எந்த எரரும் வராது. கேட்டெல்லாம் திரையில் அழகாக நிற்கும், ஒன்றோடொன்று இணைந்திருக்காது. படிக்கும்போது சாவிகளை மறுபடி எண்ணாக மாற்றிவிடுங்கள்.

வைவாவில் வந்த கேள்வி

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கூட்டல் சர்க்யூட்டைப் படிப்படியாக ஓட்டச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: “செட்டப் டைம் பார்க்குதா?” இல்லை. க்ளாக் விளிம்புக்கு முன்னால் டி எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் செட்டப் டைம். 7474 என்ற ஃபிளிப்-ஃபிளாப் ஐசிக்கு 20 நானோசெகண்ட். எங்கள் ஃபிளிப்-ஃபிளாப் விளிம்பு வரும் கணத்தில் டி என்னவோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தது.

மார்க் போட்டு முடிந்த பிறகும் அந்தக் கேள்வி உறுத்தியதால் சேர்த்துவிட்டோம். கடைசியாக எப்போது மாறினேன் என்பதை ஒவ்வொரு நெட்டும் குறித்துவைத்தால் போதும். விளிம்பு வரும்போது டி மாறி 2 அலகு ஆகியிருக்காவிட்டால் க்யூ எக்ஸ் ஆகும். இன்ஜின் ஏற்கெனவே நேரத்தில் ஓடுவதால் சில வரிகளில் முடிந்தது.

சோதிக்க, அதே நான்கு பிட் கூட்டல் சர்க்யூட்டோடு நான்கு ஃபிளிப்-ஃபிளாப்பைச் சேர்த்து, ஒவ்வொரு க்ளாக்கிலும் தன்னோடு 1-ஐக் கூட்டிக்கொள்ளும்படி கட்டினோம். ஃபிளிப்-ஃபிளாப்பின் தாமதம் 1, மேல் கூட்டுத்தொகை பிட் வர 7, செட்டப் 2. மொத்தம் 10 அலகு. கேட்டுக்கு 10 நானோசெகண்ட் என்று வைத்தால் 100 நானோசெகண்ட், அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். க்ளாக் இடைவெளியை 10 என்று வைத்தால் 0-இலிருந்து 15 வரை போய்ச் சுற்றி வருகிறது. 9 ஆகக் குறைத்தால் 7 வரை ஒரு குறையும் இல்லை. 7-இலிருந்து 8-க்குப் போகும்போதுதான் கேரி மூன்று நிலைகளையும் தாண்டி ஓட வேண்டும். மேல் பிட் விளிம்புக்கு 1 அலகு முன்னால்தான் வந்து சேர்கிறது. அந்த எல்இடி சாம்பலாகிவிடுகிறது. கீழே உள்ள மூன்று பிட்டும் எதுவும் நடக்காதது போல எண்ணிக்கொண்டே போகின்றன. ரீசெட்டைத் தட்டும்வரை மேல் பிட் திரும்பி வராது.